குறட்டையும் மூச்சுத்தடையும்: வீட்டார் அறிய வேண்டிய பாடம்



நம் டிரஸ்டுக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் பெரும்பாலானவை பி.பி., சுகர் மாத்திரைகளுக்காக வருபவை. அப்படி மாதாமாதம் உதவி பெற்றுவந்த ஒரு சகோதரரின் அனுபவத்திலிருந்து இந்தப் பாடத்தைத் தொடங்குகிறோம். அவருடைய சம்மதத்தோடு, பெயரைச் சொல்லாமல் எழுதுகிறோம்.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். ஐம்பதைத் தாண்டிய வயது. பி.பி.க்கு மூன்று வகை மாத்திரை சாப்பிட்டும் கட்டுக்குள் வரவில்லை. ஜும்ஆ பயான் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் தூணில் சாய்ந்து உறங்கிவிடுவார். நாம் சிரித்திருக்கிறோம். "கொஞ்சம் சீக்கிரம் படுங்க பாய்" என்று புத்திமதியும் சொல்லியிருக்கிறோம். இரவு பத்து மணிக்கே படுத்துவிடுவதாக அவர் சொன்னதை நாம் நம்பவில்லை.

ஒரு நாள் மாலை பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வேன் மதகுச் சுவரில் மோதியது. பிரேக் பிடித்த தடமே சாலையில் இல்லை. வண்டியில் குழந்தைகள் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். அவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. அன்றிரவு வார்டில் இருந்த நர்ஸ்தான் முதலில் கவனித்தார். பெரும் குறட்டை, திடீரென்று நிசப்தம், நெஞ்சு எழும்புகிறது, ஆனால் காற்று போகவில்லை. பிறகு ஒரு திணறல், மீண்டும் குறட்டை. விடிய விடிய இதே கதை. மறுநாள் டாக்டர் கேட்டபோது அவருடைய வீட்டார் சொன்னார்: "இது பத்து வருஷமா இருக்கு. அசந்து தூங்குறாங்கன்னு நெனச்சோம்."

நாமும் அப்படித்தான் நினைத்தோம். மாத்திரைக்குப் பணம் கொடுத்துக்கொண்டே இருந்தோமே தவிர, "இரவில் எப்படித் தூங்குகிறீர்கள்?" என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அந்தக் குறையை ஒப்புக்கொண்டு, நம் மஹல்லாவின் ஒவ்வொரு வீடும் தெரிந்துகொள்ள வேண்டிய இந்த நோயைப் பற்றி இங்கே எழுதுகிறோம்.

உறக்கத்தில் என்ன நடக்கிறது?

இந்த நோய்க்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர் ஸ்லீப் அப்னியா. தமிழில் உறக்க மூச்சுத்தடை எனலாம். நாம் விழித்திருக்கும்போது தொண்டையைச் சுற்றியுள்ள தசைகள் விறைப்பாக இருந்து மூச்சுப் பாதையைத் திறந்து வைத்திருக்கின்றன. உறங்கியதும் எல்லாத் தசைகளையும் போல இவையும் தளர்கின்றன. பாதை சற்றுக் குறுகினால் காற்று உரசிச் செல்லும். அந்தச் சத்தமே குறட்டை. பாதை முழுவதும் ஒட்டிக்கொண்டால் மூச்சு நின்றுவிடும். நாக்கின் அடிப்பகுதி பின்னால் விழுவதும், உள்நாக்கைச் சுற்றியுள்ள மெல்லிய சதை தொய்வதும் இதற்குக் காரணம்.

குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றால் அதை ஒரு தடை என்று கணக்கிடுகிறார்கள். சிலருக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம்கூட நீடிக்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை அபாயத்தை உணர்ந்து ஆளை உலுக்கி எழுப்புகிறது. தொண்டை திறக்கிறது, காற்று சீறிக்கொண்டு உள்ளே போகிறது, ஆள் மீண்டும் உறங்கிவிடுகிறார். இந்த விழிப்பு சில விநாடிகளே என்பதால் காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் ஆழ்ந்த உறக்கம் கிடைக்காமல் எழுவார்.

இதைத்தான் முதலில் மனதில் நிறுத்த வேண்டும். பல்வலி வந்தால் நோயாளிக்குத் தெரியும். இந்த நோய் வந்தவருக்கு அது தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவரே சாட்சி. அந்தச் சாட்சி வாய் திறக்காவிட்டால் நோய் வருடக்கணக்கில் மறைந்தே இருக்கும்.

தொண்டை திறந்திருந்தும், மூச்சு விடச் சொல்லும் கட்டளையை மூளை அனுப்பத் தவறுவது இன்னொரு வகை. இதயச் செயலிழப்பு, பக்கவாதம் வந்தவர்களிடமும், கடுமையான வலி நிவாரணிகளைத் தொடர்ந்து எடுப்பவர்களிடமும் இது காணப்படுகிறது. ஆனால் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது தொண்டை அடைபடும் வகைதான். 2019இல் லான்செட் குழுமத்தின் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, உலகில் 30 முதல் 69 வயதுக்குள் 93 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இது இருப்பதாக மதிப்பிட்டது. ஆகவே இது அபூர்வ நோய் அல்ல. நம் தெருவிலும் பலருக்கு இருக்கும்.

அடையாளங்கள்

இரவில் காண்பவை: அறைக்கு வெளியே கேட்கும் குறட்டை, இடையிடையே நிசப்தம், பிறகு திணறல் அல்லது இருமல், புரண்டு புரண்டு படுத்தல், தலையிலும் கழுத்திலும் வியர்வை. சிறுநீர் கழிக்க இரண்டு மூன்று முறை எழுந்திருப்பதும் இதில் சேரும். சுகர் என்றோ வயதுக் கோளாறு என்றோ நாம் விட்டுவிடுகிறோம். மூச்சு அடைபடும்போது நெஞ்சுக்குள் உண்டாகும் அழுத்த மாற்றத்தால் இதயம் ஒருவகை ஹார்மோனைச் சுரக்கிறது. அது சிறுநீரை அதிகப்படுத்துகிறது.

பகலில் காண்பவை: எழுந்ததும் வாய் வறட்சி, தலைவலி, உட்கார்ந்தால் உறக்கம், மறதி, எரிச்சல், வேலையில் கவனமின்மை. ஃபஜ்ருக்கு எழ முடியாமல் தவிப்பதையும், எழுந்தவர் தொழுகை விரிப்பிலேயே சாய்வதையும் ஈமானின் பலவீனம் என்று உடனே தீர்ப்பளித்துவிடாதீர்கள். சோம்பல் வேறு, நோய் வேறு. போதிய நேரம் படுத்தும் ஒருவர் தினமும் இப்படி அவதிப்பட்டால் அவரை டாக்டரிடம் அழைத்துச் செல்வதே சரியான நஸீஹத்.

பெண்களுக்கும் இது வரும். மாதவிடாய் நின்ற பிறகு வாய்ப்பு கூடுகிறது. ஆனால் பல பெண்களிடம் குறட்டை பெரிதாக இராது. ஓயாத அசதி, உறக்கமின்மை, காலைத் தலைவலி, மனச்சோர்வு என்றே வெளிப்படும். "வீட்டு வேலைதான், வேறென்ன" என்று சொல்லிச் சொல்லியே காலம் போய்விடுகிறது. பெண் குறட்டை விடுகிறார் என்று வெளியே சொல்வதையே அவமானமாக நினைக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. இந்த வெட்கத்துக்கு உடல்நலத்தை விலையாகக் கொடுக்கக் கூடாது.

குழந்தைகளிடம் அடையாளம் வேறு. டான்சிலும், மூக்கின் பின்னே உள்ள அடினாய்டு சதையும் வீங்கியிருப்பதே அவர்களுக்குப் பெரும்பாலும் காரணம். வாயைத் திறந்தபடி உறங்குவார்கள், கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுப்பார்கள், வளர்ந்த பிறகும் படுக்கையை நனைப்பார்கள். பகலில் தூங்கி வழிவதைவிடத் துறுதுறுவென்று ஓரிடத்தில் நில்லாமல் அலைவார்கள், பாடத்தில் பின்தங்குவார்கள். மக்தபிலும் பள்ளிக்கூடத்திலும் இப்படிப் பெயர் வாங்கும் பிள்ளையை அடிப்பதற்கு முன், அது இரவில் எப்படி மூச்சு விடுகிறது என்று அம்மா ஒருமுறை பார்க்கட்டும்.

கவனிக்காமல் விட்டால்

ஒவ்வொரு முறை மூச்சு நிற்கும்போதும் உடல் உயிர்ப் போராட்டத்தில் இறங்குகிறது. இரத்த அழுத்தம் எகிறுகிறது, இதயம் படபடக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 30 முறை என்றால் ஏழு மணி நேர உறக்கத்தில் 210 முறை. இது வருடக்கணக்கில் நடந்தால் உடல் தாங்காது. பல மாத்திரைகளுக்கும் அடங்காத பி.பி., இதயத் துடிப்புக் கோளாறு, மாரடைப்பு, பக்கவாதம், கட்டுக்கடங்காத சுகர் ஆகியவற்றோடு இந்த நோய்க்குத் தொடர்பு இருக்கிறது. 2022 பிப்ரவரியில் மும்பையில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி காலமானபோது, மருத்துவமனை தரப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் இந்த நோயும் ஒன்று.

இதைவிட உடனடியான ஆபத்து சாலையில் இருக்கிறது. வேன், லாரி, ஆட்டோ ஓட்டுபவர்கள், இயந்திரங்களில் வேலை செய்பவர்கள் இதைத் தனி எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். முகம் கழுவுவதும், டீ குடிப்பதும், கண்ணாடியை இறக்கிவிடுவதும் இந்தத் தூக்கத்தை விரட்டா. வண்டி ஓட்டும்போது கண் சொருகுகிறது என்றால், சிகிச்சை எடுத்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஓட்டக் கூடாது. நம் உயிரோடு பிறர் உயிரும் அந்த ஸ்டியரிங்கில் அமானிதமாக இருக்கிறது.

வீட்டில் கேட்டுக்கொள்ள எட்டுக் கேள்விகள்

கனடாவின் டொரண்டோவில் டாக்டர் பிரான்சஸ் சங் தலைமையில் உருவாகி, 2008 முதல் உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. இன்றிரவே வீட்டில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கேட்கலாம்.

1. மூடிய கதவைத் தாண்டிக் கேட்கும் அளவுக்குக் குறட்டை உண்டா?
2. பகலில் அடிக்கடி அசதியோ தூக்கமோ வருகிறதா?
3. உறக்கத்தில் மூச்சு நிற்பதையோ திணறுவதையோ யாராவது பார்த்திருக்கிறார்களா?
4. பி.பி. இருக்கிறதா, அதற்கு மருந்து எடுக்கிறாரா?
5. உடல் பருமன் குறியீடு 35க்கு மேலா? 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு இது ஏறத்தாழ 95 கிலோவுக்கு மேல்.
6. வயது 50க்கு மேலா?
7. கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலா? சட்டைக் காலர் கணக்கில் ஏறத்தாழ 16 அங்குலம்.
8. ஆணா?

இரண்டு வரை "ஆம்" என்றால் வாய்ப்பு குறைவு. மூன்று, நான்கு என்றால் நடுத்தரம். ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் அதிகம். மூன்றை எட்டியவர் டாக்டரிடம் பேசுவது நல்லது. மூச்சு நிற்பதைக் கண்ணால் கண்டிருந்தால் எண்ணிக்கையைப் பார்க்காமலே செல்லுங்கள். ஒல்லியாக இருப்பவருக்கு வராது என்றும் எண்ண வேண்டாம். தாடை சிறுத்திருப்பவர், தைராய்டு குறைவு உள்ளவர், மூக்கடைப்பு உள்ளவர், புகைப்பவர் ஆகியோருக்கும், குடும்பத்தில் இந்த நோய் உள்ளவர்களுக்கும் வாய்ப்பு உண்டு.

டாக்டரிடம் போகும்போது செல்போனில் ஐந்து நிமிட வீடியோ எடுத்துச் சென்றால் பெரிய உதவி. உறங்குபவரின் சம்மதம் பெற்று எடுங்கள். அது டாக்டர் பார்க்க மட்டுமே. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுச் சிரிப்பதற்கு அல்ல.

பரிசோதனை

நுரையீரல் மருத்துவர் அல்லது காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பார்க்கலாம். உறுதி செய்வதற்கு உறக்கப் பரிசோதனை தேவை. மருத்துவமனையில் ஓர் இரவு தங்கி, தலையிலும் முகத்திலும் மார்பிலும் கால்களிலும் சிறு வயர்களை ஒட்டிக்கொண்டு உறங்க வேண்டும். ஊசி இல்லை, வலி இல்லை. மூளை அலை, மூச்சு, இதயத் துடிப்பு, ஆக்சிஜன் அளவு எல்லாம் பதிவாகும். வீட்டிலேயே செய்யும் சிறிய கருவியும் உண்டு. மூக்கில் ஒரு குழாய், மார்பில் ஒரு பெல்ட், விரலில் ஒரு கிளிப், அவ்வளவுதான். வெளியே தங்கத் தயங்கும் பெண்கள் இதைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம். மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும் என்றால், உடன் ஒருவர் தங்கலாமா, பெண் பணியாளர் இருப்பாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் ஏ.ஹெச்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்பதன் கணக்கு அது. பெரியவர்களுக்கு 5க்குக் கீழ் இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. நம் வேன் ஓட்டும் சகோதரருக்கு 52 வந்தது.

சிகிச்சை: காற்றே மருந்து

1980ஆம் ஆண்டு வரை கடுமையான நோயாளிகளுக்கு மருத்துவர்களால் செய்ய முடிந்தது, கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய் வைப்பதுதான். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் டாக்டர் கொலின் சல்லிவன், மூக்கின் வழியே சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால் தொண்டை ஒட்டாமல் திறந்தே இருக்கும் என்று கண்டு, 1981இல் அதை வெளியிட்டார். பந்துக்குள் காற்று இருக்கும்வரை அது அமுங்காததைப் போன்ற எளிய தத்துவம். அதுவே இன்றைய சிபேப் கருவி. படுக்கை அருகே வைக்கும் சிறு பெட்டி, ஒரு குழாய், முகத்தில் ஒரு மாஸ்க். அதில் வருவது ஆக்சிஜன் அல்ல, அறைக் காற்றுதான்.

இது வென்டிலேட்டர் அல்ல என்பதை அழுத்திச் சொல்கிறோம். காரணம் இருக்கிறது. அந்தச் சகோதரருக்குக் குடும்பத்தார் பாதியும் டிரஸ்ட் பாதியுமாகப் பணம் போட்டுக் கருவி வாங்கினோம். மூன்று வாரம் கழித்து விசாரித்தபோது அவருடைய மகன் சொன்னார்: "அத்தா அதைப் போடவே மாட்டேங்கிறாங்க. பீரோ மேல இருக்கு." வீட்டில் இருந்த பெரியவர்கள் மாஸ்க்கைப் பார்த்து, "மூச்சுக்கு மெஷின் வைக்கிற அளவுக்கு ஆகிப்போச்சா" என்று அழுதிருக்கிறார்கள். அவருக்கும் முதல் இரவு மூச்சு முட்டியது, மூக்கு காய்ந்தது, கழற்றிவிட்டார். கருவி வாங்கித் தந்ததோடு நம் கடமை முடிந்தது என்று நினைத்தது நாம் செய்த இரண்டாவது தவறு.

பழகுவதற்குச் சில வழிகள் உண்டு. முதல் சில நாள் பகலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது அரை மணி நேரம் போட்டுப் பழகுங்கள். காற்று குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்லக் கூடும் வசதி கருவியில் உண்டு, அதைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். மூக்கு காய்ந்தால் ஈரப்பதம் சேர்க்கும் நீர்க்குடுவையை இணைக்கலாம். காற்று கண்ணில் அடித்தால் மாஸ்க் அளவு சரியில்லை என்று பொருள். வாரை இறுக்கிக்கொண்டே போகாமல் வேறு அளவு கேளுங்கள். தாடி வைத்திருப்பவர்களுக்கு முகம் முழுவதும் மூடும் மாஸ்க்கில் காற்று கசியும். அதற்காகத் தாடியை எடுக்க வேண்டியதில்லை. மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் சிறிய மாஸ்க் பலருக்குச் சரியாக வரும்.

மின்சாரம் போனால் மூச்சு நின்றுவிடுமோ என்று பயப்படுகிறார்கள். மாஸ்க்கில் வெளிமூச்சு போகத் துளை உண்டு. முகம் மூடும் மாஸ்க்கில் கருவி நின்றால் வெளிக்காற்று வர வால்வும் உண்டு. கருவி நின்றதும் விழித்துக் கழற்றிவிடலாம். இன்வெர்ட்டர் இருந்தால் அதில் இணைத்துக்கொள்ளுங்கள். குடுவையில் தினமும் புதிய டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். மாஸ்க்கின் முகம் படும் பகுதியைத் தினமும் துடைத்து, குழாயையும் குடுவையையும் வாரம் ஒருமுறை மிதமான சோப்பு நீரில் கழுவி நிழலில் காயவைக்க வேண்டும். பில்டரை உரிய காலத்தில் மாற்ற வேண்டும்.

இது கண்ணாடி போடுவது போன்றது. போட்டிருக்கும்போது பயன் தரும், கழற்றினால் நோய் திரும்பும். ஆகவே எல்லா இரவும், உறங்கும் நேரம் முழுவதும் போட வேண்டும். எத்தனை மணி நேரம் போட்டார் என்று கருவியே பதிவு செய்யும், டாக்டர் அதைப் பார்த்து அழுத்தத்தைத் திருத்துவார்.

செலவு பற்றியும் சொல்ல வேண்டும். பரிசோதனைக்குச் சில ஆயிரங்கள் ஆகும். கருவி பெரும்பாலும் 30,000 ரூபாய்க்கு மேல். வாங்கும் முன் மாத வாடகைக்கு எடுத்துப் பழகிப் பார்ப்பது நல்லது. மறைந்தவர்களின் கருவியை ஸதகத்துல் ஜாரியாவாக டிரஸ்டுக்குத் தர விரும்புபவர்கள் இருக்கிறார்கள். மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்கிறோம். ஆனால் மாஸ்க்கும் குழாயும் புதிதாக வாங்க வேண்டும், அழுத்தத்தை டாக்டர்தான் வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் நுரைப் பஞ்சு சிதைவதாகக் கண்டு 2021இல் பல லட்சம் கருவிகள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. எனவே மாடல் எண்ணையும் சரிபார்த்தே கொடுப்போம்.

மற்ற வழிகள்

உடல் எடையைக் குறைப்பது மிக முக்கியம். எடை 10 சதவீதம் குறைந்தவர்களுக்கு ஏ.ஹெச்.ஐ. சராசரியாக 26 சதவீதம் குறைந்ததாக அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்த நீண்டகால ஆய்வு 2000ஆம் ஆண்டில் காட்டியது. நம் கல்யாண வீட்டு பிரியாணியும், இரவு பதினொரு மணி பரோட்டாவும் நமக்கு எதிரி என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பருமனோடு நடுத்தர, கடுமையான மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு டிர்செபடைட் என்னும் ஊசி மருந்தை 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு அமைப்பு அனுமதித்தது. இது டாக்டர் முடிவு செய்ய வேண்டிய மருந்து. கடையில் தானாக வாங்கக் கூடாது.

மல்லாந்து படுத்தால் மட்டும் மூச்சு அடைபடுபவர்களுக்குப் பக்கவாட்டில் படுப்பதே பெரும் பயன் தரும். லேசான, நடுத்தர நோய்க்குக் கீழ்த்தாடையைச் சற்று முன்னே இழுத்து வைக்கும் பல் கருவி உண்டு. பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தருவார். குழந்தைகளுக்கு டான்சில், அடினாய்டு அறுவை பெரும்பாலும் நல்ல பலன் தரும். பெரியவர்களுக்கு மூக்கு, அண்ணம், தாடை அறுவைகள் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டுமே.

புகையை விடுங்கள். தூக்க மாத்திரையைத் தானாக எடுக்காதீர்கள். அது தொண்டைத் தசையை மேலும் தளர்த்தி, மூளை எழுப்புவதையும் தாமதப்படுத்தும். வேறு எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும், மயக்க மருந்து டாக்டரிடம் இந்த நோய் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பி.பி. மாத்திரையைச் சொந்தமாக நிறுத்திவிடாதீர்கள்.

நோன்பும் பயணமும்

ரமளானில் நம் உறக்கம் துண்டு துண்டாகிறது. தராவீஹுக்குப் பின் கொஞ்சம், ஃபஜ்ருக்குப் பின் கொஞ்சம், லுஹருக்குப் பின் கொஞ்சம். எப்போது உறங்கினாலும் கருவி போட வேண்டும். பகலில் போட்டால் நோன்பு முறியுமா என்று கேட்கிறார்கள். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, ஆக்சிஜன் வாயுவை நோன்பை முறிக்காதவற்றில் சேர்த்திருக்கிறது. சிபேப்பில் வருவது வெறும் காற்றே. நீர்க்குடுவையின் ஈரத்தைப் பற்றித் தயக்கம் உள்ளவர்கள் பகலில் குடுவை இல்லாமல் பயன்படுத்தலாமா என்று டாக்டரிடமும், மார்க்கத் தீர்ப்பைத் தங்கள் பள்ளி இமாமிடமும் கேட்டுக்கொள்ளட்டும். இரவில் போடுவதில் இந்தக் கேள்வியே இல்லை.

ஹஜ், உம்ரா செல்பவர்கள் கருவியை லக்கேஜில் போடாமல் கையில் எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் கடிதமும், சவூதி பிளக்குக்கு ஏற்ற அடாப்டரும், நீளமான வயரும் வேண்டும். மினாவில் மின் இணைப்பு கிடைக்குமா என்று குரூப் நடத்துபவரிடம் ஊரிலேயே பேசிவிடுங்கள். விமானத்தில் கருவியைக் கேபினுக்குள் எடுத்துச் செல்வது பற்றி டிக்கெட் போடும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள்

பீரோ மேல் இருந்த கருவியை இறக்கியது டிரஸ்ட் அல்ல, அந்தச் சகோதரரின் வீட்டார்தான். ஏற்கெனவே இந்தக் கருவியைப் பயன்படுத்திவரும் இன்னொரு சகோதரரைக் குடும்பத்தோடு அந்த வீட்டுக்கு அழைத்துச் சென்றோம். அவர் தன் மாஸ்க்கைப் போட்டுக் காட்டி, அதை மாட்டிக்கொண்டே பேசிச் சிரித்தார். பெரியவர்களின் பயம் போனது. பிறகு தினமும் இரவு மாஸ்க்கைத் துடைத்து எடுத்துக் கொடுப்பதை அவருடைய வீட்டார் தன் வேலையாக்கிக்கொண்டார். நடு இரவில் கழற்றிவிட்டால் எழுந்து மறுபடி மாட்டிவிடுகிறார். இரண்டு மாதம் ஆகிறது. பி.பி. மாத்திரை இன்னும் தொடர்கிறது, ஒன்றின் அளவு மட்டும் குறைந்திருக்கிறது. பயானில் முழுவதும் விழித்திருக்கிறார். வேன் ஓட்ட டாக்டர் இன்னும் அனுமதி தரவில்லை, அடுத்த பரிசோதனைக்குப் பிறகு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை குடும்பச் செலவில் ஒரு பங்கை டிரஸ்ட் ஏற்றிருக்கிறது.

இனி நம் மருத்துவ உதவி மனுவில் இரண்டு கேள்விகள் கூடுதலாக இருக்கும். இரவில் குறட்டையோ மூச்சுத் திணறலோ உண்டா? இதை உடன் உறங்குபவரிடம் கேட்டுச் சொல்கிறீர்களா? வெட்கப்படாமல் பதில் எழுதுங்கள். உறக்கம் அல்லாஹ் நமக்குத் தந்த பெரிய அருட்கொடை. அது உங்கள் வீட்டில் ஒருவருக்குக் கிடைக்காமல் இருக்கலாம், அதை அவர் அறியாமலும் இருக்கலாம். இன்றிரவு பத்து நிமிடம் விழித்திருந்து, பக்கத்தில் உறங்கும் உங்கள் அத்தாவின், கணவரின், மனைவியின், பிள்ளையின் மூச்சைக் கேளுங்கள். நின்று நின்று வந்தால், காலையில் சொல்லுங்கள்.

வல்ல இறைவன் நம் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவையும், நம் வீடுகளுக்கு நிம்மதியான உறக்கத்தையும் தந்தருள்வானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்